எட்டாவது எழுத்துக்கு அப்புறம் என்ன ஆகிறது? யூனிக்ஸில் பெயருக்கும் பாஸ்வேர்டுக்கும் உள்ள நீள வரம்புகள்

இன்னைக்கு ஒரு சின்ன சோதனையோட ஆரம்பிக்கலாம். ஆபீஸில் உங்களுக்கு யூனிக்ஸ் சர்வர் லாகின் இருந்தால், உங்கள் சொந்த அக்கவுன்ட்டில் மட்டும் இதைச் செய்து பாருங்க. பாஸ்வேர்டின் முதல் எட்டு எழுத்தைச் சரியாக அடிங்க. ஒன்பதாவது எழுத்திலிருந்து கைக்கு வந்ததை அடித்து என்டர் தட்டுங்க. புது உபுண்டு, ஃபெடோரா என்றால் தவறு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். ஆனால் பதினைந்து வருஷத்துக்கு முன்னாடி அமைத்து, "ஓடுது இல்ல, தொடாதே" என்று விட்டுவைத்த ஏஐஎக்ஸ், சோலாரிஸ் மெஷின்களில் சில, எந்தக் கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டுவிடும்.

அப்படி விட்டுவிட்டால் என்ன அர்த்தம்? உங்க பாஸ்வேர்ட் 16 எழுத்து. அதில் எட்டை மட்டும்தான் அந்த மெஷின் இத்தனை வருஷமா பார்த்துக்கிட்டு இருந்திருக்கு. மீதி எட்டை நீங்க தினமும் சும்மா டைப் பண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்க.

இன்னைக்குப் பேசப்போறது இந்த நீளங்களைப் பற்றித்தான். யூனிக்ஸில் யூசர்நேம் எவ்வளவு நீளம் இருக்கலாம், பாஸ்வேர்ட் எவ்வளவு இருக்கணும், அந்த எண்ணை எங்கே மாற்றுவது. கேட்டாலே கொட்டாவி வர்ற தலைப்பு, தெரியும். ஆனால் எண் என்ன என்பதைவிட, அந்த எண்ணைத் தாண்டினால் சிஸ்டம் என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். "இவ்வளவு நீளம் ஆகாது" என்று மறுக்கிற சிஸ்டம் எரிச்சலைக் கிளப்பும், அவ்வளவுதான். வாலை வெட்டி எறிந்துவிட்டு "சரி" என்று சிரிக்கிற சிஸ்டம்தான் ஆபத்து.

முதல்ல, இந்த எட்டு எங்கிருந்து வந்தது?

1970-களின் கடைசி. பெல் லேப்ஸில் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் யூனிக்ஸின் பாஸ்வேர்ட் முறையை மாற்றி எழுதுகிறார்கள். பாஸ்வேர்டை அப்படியே சேமிக்கக் கூடாது, திருப்பிப் படிக்க முடியாத ஒரு வடிவமாக, அதாவது ஹேஷாக, மாற்றிச் சேமிக்கணும். அதற்கு அவர்கள் எடுத்துக்கிட்டது டெஸ் என்கிற சைஃபர். டெஸ்ஸுக்குச் சாவி 56 பிட். ஆஸ்கி எழுத்து ஒன்றுக்கு 7 பிட். ஏழெட்டு ஐம்பத்தாறு. முடிஞ்சது கணக்கு. உங்க பாஸ்வேர்டின் முதல் எட்டு எழுத்துதான் சாவி. அந்தச் சாவியை வைத்து வெறும் பூஜ்யங்களை 25 தடவை என்கிரிப்ட் பண்ணி, கிடைக்கிறதைச் சேமிப்பார்கள். ஒன்பதாவது எழுத்து வந்து நின்றால் அதற்கு உட்கார இடமே கிடையாது.

அந்தக் காலத்தில் எட்டு என்பது தாராளம். 1979-ல் அவங்க ரெண்டு பேரும் எழுதின கட்டுரையில் ஒரு கணக்கு இருக்கு. யூசர்களிடமிருந்து 3,289 பாஸ்வேர்ட் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் 15 பாஸ்வேர்ட் ஒரே ஒரு எழுத்து. 72 இரண்டு எழுத்து. 464 மூன்றெழுத்து. ரொம்பச் சின்னது, வெறும் சின்ன எழுத்தில் ஆனது, அகராதியில் இருப்பது என்று எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தத்தில் 86 சதவீதம் சுலபமா கண்டுபிடிக்கக்கூடியது. ஜனங்க மூணு எழுத்தோட நிறுத்திக்கிற ஊரில், எட்டு போதாது என்று யார் கவலைப்படுவாங்க?

கென் தாம்சன் தன் பாஸ்வேர்டுக்கு எட்டையும் முழுசா பயன்படுத்தியிருந்தார். அது ஒரு நல்ல கதை. பழைய பிஎஸ்டி யூனிக்ஸ் ஒன்றின் பாஸ்வேர்ட் ஃபைல் பொதுவெளியில் கிடைத்தது. அதில் யூனிக்ஸை உருவாக்கினவங்களோட ஹேஷ்கள் எல்லாம் இருந்தன. பலருடையது சீக்கிரமே உடைந்துவிட்டது. ஸ்டீஃபன் போர்ன் தன் குடும்பப் பெயரையே வைத்திருந்தார், பாவம். தாம்சனுடையது மட்டும் வருஷக்கணக்கா அசையவில்லை. 2019-ல் ஒருவர் கிராஃபிக்ஸ் கார்டை நாலு நாளுக்கு மேல ஓடவிட்டு உடைத்தார். பி, ஸ்லாஷ், க்யூ, 2, ஹைஃபன், க்யூ, 4, ஆச்சரியக்குறி. சதுரங்கத்தில் ராணிக்கு முன்னாடி இருக்கிற சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துகிற ஆட்டத் தொடக்கம், பழைய குறிமுறையில். எண்ணிப் பாருங்க, சரியா எட்டு. ஒரு மேதை யோசித்து யோசித்து வைத்த எட்டு எழுத்து, இன்னைக்குக் கடையில் வாங்குகிற ஒரு கார்டுக்கு நாலு நாள் வேலை.

சரி, அது பழங்கதை. இப்போ என்ன பிரச்சினை என்று கேட்பீங்க.

நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடம். பெயர் வேண்டாம். கணக்குப் பிரிவுக்கான அப்ளிகேஷன் ஒரு பழைய யூனிக்ஸ் சர்வரில் ஓடிக்கிட்டிருந்தது. ஒருத்தர் பில்லை என்ட்ரி போடணும், இன்னொருத்தர் அப்ரூவ் பண்ணணும். ரெண்டு பேரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது, அதுதான் விதி. புதுசா சேருகிறவர்களுக்குக் கொடுக்கிற பாஸ்வேர்ட், ஆங்கிலத்தில் "வெல்கம்", பக்கத்தில் ஒரு "அட்" குறி, அப்புறம் அவங்க எம்ப்ளாயி நம்பர். ஆளுக்கு ஆள் நம்பர் வேற, அதனால பாஸ்வேர்டும் வேற என்று எல்லோரும் நம்பினார்கள். மாற்றச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தலை, அதனால முக்கால்வாசிப் பேர் மாற்றவும் இல்லை.

ஒருநாள் சீனியர் ஒருவர், எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுவோம், அவசரத்தில் பக்கத்து சீட்காரரின் யூசர்நேமை அடித்து, தன்னோட பாஸ்வேர்டைப் போட்டுட்டார். உள்ளே போயிடுச்சு. அவர் திரும்ப வெளியே வந்து, மறுபடி அதையே செய்து பார்த்தார். மறுபடியும் உள்ளே போச்சு. "தம்பி, இங்க வந்து பாரேன்" என்று என்னைக் கூப்பிட்டார்.

ஆங்கிலத்தில் வெல்கம் ஏழு எழுத்து. அட் குறி எட்டாவது. எம்ப்ளாயி நம்பர் ஆரம்பிப்பது ஒன்பதாவது இடத்தில். மெஷின் அதைப் பார்த்ததே இல்லை. பாஸ்வேர்ட் மாற்றாத அத்தனை பேருக்கும் ஒரே பாஸ்வேர்ட்.

ஃபைலைத் திறந்து பார்த்தாலும் இது தெரியாது. ஏன்னா ஒவ்வொரு ஹேஷுக்கும் முன்னாடி சால்ட் என்று இரண்டு எழுத்து கலப்பார்கள், 4,096 விதமான சால்ட். ஒரே பாஸ்வேர்டுக்கும் ஆளுக்கு ஒரு ஹேஷ் வரும். அதுவும் நல்ல நோக்கத்தோட வைத்ததுதான். ஆனால் இங்கே அதுவே ஓட்டையை மறைத்துவிட்டது. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் அப்ரூவ் பண்ணியிருக்க முடியும். லாகில் பெயர் விழுவது அந்த சீட்டில் இருக்கிற பாவப்பட்ட ஆளோடது. பணம் காணாமல் போகலை, அது அதிர்ஷ்டம். போயிருந்தால் அண்ணனோ பக்கத்து சீட்காரரோ, "நான் இல்லை" என்று எதை வைத்து நிரூபித்திருப்பார்கள்?

உங்க மெஷின் இந்த ரகமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ரூட் அனுமதி இருந்தால், ஹேஷின் தொடக்கத்தைப் பாருங்க. லினக்ஸிலும் சோலாரிஸிலும் ஈடிசி டைரக்டரியில் ஷேடோ ஃபைல். ஏஐஎக்ஸில் ஈடிசிக்குள்ள செக்யூரிட்டி, அதற்குள்ள பாஸ்வேர்ட் ஃபைல். எந்த முன்னொட்டும் இல்லாமல் மொத்தமே 13 எழுத்து என்றால் அது பழைய டெஸ், எட்டோட வெட்டு. டாலர் 6 டாலர் என்று ஆரம்பித்தால் ஷா-512, கவலை இல்லை. டாலர் ஒய் டாலர் என்றால் யெஸ்கிரிப்ட், 2021-ல் வந்த டெபியன் 11-லிருந்து அதுதான் அங்கே வழக்கம். டாலர் 2 என்று ஆரம்பித்தால் பிகிரிப்ட், அதைப் பற்றி தனியா சொல்றேன். ஏஐஎக்ஸில் மட்டும் டாலர் வராது, நெளிவு அடைப்புக்குறிக்குள்ள அல்காரிதத்தின் பெயரே எழுதியிருக்கும்.

மாற்றுவது கஷ்டம் இல்லை. ஏஐஎக்ஸில், செக்யூரிட்டி டைரக்டரியில் இருக்கிற லாகின் டாட் சிஎஃப்ஜி ஃபைலில் யுஎஸ்டபிள்யூ என்கிற பகுதி. அங்கே பிடபிள்யூடி-அல்காரிதம் என்ற மதிப்பை எஸ்ஷா-256 அல்லது எஸ்ஷா-512 என்று வைக்கணும். சோலாரிஸில், செக்யூரிட்டி டைரக்டரியின் பாலிசி டாட் கான்ஃப் ஃபைலில் கிரிப்ட்-டிஃபால்ட் என்ற வரி. சோலாரிஸ் 10-ல் அது பழைய யூனிக்ஸ் முறையிலேயே இருக்கும், 11-ல் ஷா-256-க்கு மாற்றிவிட்டார்கள். லினக்ஸில் இதை யாரும் டெஸ்ஸில் வைத்திருக்க மாட்டார்கள் என்று நம்புவோம். சந்தேகம் இருந்தால் லாகின் டாட் டெஃப்ஸ் ஃபைலில் என்கிரிப்ட்-மெத்தட் வரியைப் பாருங்க, பாம் கான்ஃபிகரேஷனில் பாம்-யூனிக்ஸ் வரியின் கடைசியில் என்ன இருக்கு என்றும் பாருங்க.

பலரும் இதைச் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று டிக்கெட்டை மூடிடுவாங்க. முடியலை. நீங்க மாற்றினது இனிமேல் உருவாகிற ஹேஷுக்கான விதி. ஏற்கனவே இருக்கிற ஹேஷ் அப்படியேதான் இருக்கும், எட்டு எழுத்தோட. பழைய ஹேஷைப் புதுசா மாற்ற வழியும் இல்லை, ஏன்னா ஒரிஜினல் பாஸ்வேர்ட் மெஷினிடமே கிடையாது. அந்த மனுஷர் தானா வந்து மாற்றினால்தான் உண்டு. அதனால அடுத்த லாகினில் கட்டாயம் மாற்ற வைக்கணும். லினக்ஸில் சேஜ், மைனஸ் டி, 0, யூசர்நேம். சோலாரிஸில் பாஸ்டபிள்யூடி மைனஸ் எஃப். ஏஐஎக்ஸில் பிடபிள்யூடிஅட்மின் கமாண்டில் அட்ம்சேஞ்ச் என்கிற ஃபிளாக். அதுக்கு முன்னாடி பேக்கப் ஜாப், பேட்ச் ஜாப் எல்லாம் எந்த அக்கவுன்ட்டில் ஓடுது என்று பார்த்து ஒதுக்கி வைங்க. இல்லைன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் வரும்.

இப்போ லினக்ஸுக்கு வருவோம். நேயர் ஒருவர் கேட்டிருந்தார்: "லாகின் டாட் டெஃப்ஸில் பாஸ்-மின்-லென் என்ற இடத்தில் 14 போட்டேன். ஆனாலும் ஆறெழுத்து பாஸ்வேர்டை வாங்கிக்குது, ஏன்?" நல்ல கேள்வி.

பதில்: அந்த வரியை யாரும் படிக்கிறதே இல்லை. இன்றைய லினக்ஸில் பாஸ்வேர்ட் மாற்றுகிற வேலை பாம் கையில் இருக்கு. பாம் என்பது, லாகின் செய்யும்போதும் பாஸ்வேர்ட் மாற்றும்போதும் என்னென்ன சரிபார்க்கணும் என்று வரிசையா அடுக்கி வைத்த சோதனைச் சாவடிகள். லாகின் டாட் டெஃப்ஸ் அதற்கு முந்தைய காலத்து ஃபைல். அதில் சில வரிகளுக்கு இன்னும் உயிர் இருக்கு, சிலதுக்கு இல்லை. டெபியன்காரர்கள் அந்த ஃபைலிலேயே "இதெல்லாம் பாம் வந்த பிறகு செல்லாது" என்று ஒரு பகுதி பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கிறவங்கதான் குறைவு. ஆடிட்டர் வந்து ஃபைலைத் திறக்கச் சொல்வார், 14 என்று இருக்கும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கிட்டுப் போயிடுவார். மெஷினுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது.

நீங்க தொட வேண்டியது செக்யூரிட்டி டைரக்டரியில் இருக்கிற பிடபிள்யூ-குவாலிட்டி டாட் கான்ஃப். அதில் மின்லென் என்ற வரி. டெபியன், உபுண்டுவில் இதற்கான பாம் பேக்கேஜைத் தனியா இன்ஸ்டால் பண்ண வேண்டியிருக்கலாம். இன்ஸ்டால் ஆகாத மெஷினில் எந்த எண் எழுதினாலும் ஒன்றுதான்.

இங்கேயும் ஒரு குசும்பு இருக்கு. கிரெடிட் என்று நாலு வரி. இலக்கம், பெரிய எழுத்து, சின்ன எழுத்து, குறியீடு, நாலுக்கும் தனித்தனி. அதில் 1 என்று போட்டிருந்தால், அந்த வகையில் ஓர் எழுத்து இருந்தாலே நீளத்தில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும், போனஸ் மார்க் மாதிரி. மின்லென் 12 என்று வைத்து, நாலு கிரெடிட்டும் 1 என்று இருந்தால், நாலு வகையும் கலந்த எட்டெழுத்து பாஸ்வேர்ட் பாஸாகிவிடும். எட்டும் நாலும் பன்னிரண்டு என்று கணக்குப் போட்டுக்கும். நிஜமாகவே 12 வேண்டும் என்றால் நாலையும் 0 ஆக்குங்க. மைனஸ் 1 போட்டால் வேற அர்த்தம்: அந்த வகையில் குறைந்தது ஒன்று கட்டாயம் இருக்கணும்.

சோதிக்கும்போது ரூட்டாக இருந்து சோதிக்காதீங்க. ரூட் மாற்றினால் எச்சரிக்கை காட்டிவிட்டு ஏற்றுக்கொள்ளும், அதுதான் இயல்பான அமைப்பு. ரூட்டுக்கும் பொருந்தணும் என்றால் என்ஃபோர்ஸ்-ஃபார்-ரூட் என்று ஒரு வரி சேர்க்கணும். சாதாரண யூசர் ஒன்றை உருவாக்கி, அதற்குள் போய் பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்க. அதுதான் உண்மையான சோதனை.

இனி பெயருக்கு வருவோம். யூசர்நேமுக்கும் பழைய வரம்பு எட்டுதான். காரணம் வேற. யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று குறித்து வைக்கிற யூடெம்ப் ஃபைலில் பெயருக்கு எட்டு பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். டிஸ்க் பொன்னு மாதிரி விலை விற்ற காலம். நம்ம ஊர் பெயர்களுக்கு இந்த எட்டு பெரிய அநியாயம். வெங்கடேசன், வெங்கடேஷ், ரெண்டையும் ஆங்கிலத்தில் எழுதி எட்டோட நிறுத்துங்க, ஒரே பெயர். சுப்பிரமணியன் என்றும் சுப்பிரமணியம் என்றும் ஒரே டீமில் இருந்தால் அதே கதை. பாலசுப்பிரமணியன் பால சுப்பிரோடு நின்றுவிடுவார். அதனாலதான் பழைய கம்பெனிகளில் பெயருக்குப் பின்னாடி 1, 2 என்று நம்பர் போட்ட யூசர்நேம் இருக்கும். யாருக்கு 1, யாருக்கு 2 என்பதில் தனி அரசியல்.

இப்போ லினக்ஸில் யூசர்ஆட் கமாண்ட் 32 எழுத்து வரை அனுமதிக்கும். தாண்டினால் வெட்டாது, செல்லாத பெயர் என்று மறுத்துவிடும். நல்ல பழக்கம். ஏஐஎக்ஸில் இயல்பாக எட்டுதான். எல்எஸ்அட்டர் கமாண்டில் மேக்ஸ்-லாக்நேம் பார்த்தால் 9 என்று காட்டும். பெயரின் முடிவைக் குறிக்கிற வெற்று பைட்டும் அதில் அடக்கம், அதனால 9 என்றால் எட்டு எழுத்து. சிஹெச்டெவ் கமாண்டில் சிஸ்-0-க்கு இதைக் கூட்டலாம், 256 வரை போகும். ரீபூட் செய்தால்தான் அமலுக்கு வரும். கூட்டுவதற்கு முன்னாடி, இந்த மெஷினோடு பேசுகிற மற்ற சிஸ்டங்களையும் பாருங்க. விண்டோஸ் ஆக்டிவ் டைரக்டரியின் பழைய பாணி லாகின் பெயருக்கு வரம்பு 20. ஒரே ஆளுக்கு எல்லா இடத்திலும் ஒரே பெயர் வேண்டும் என்றால், இருப்பதிலேயே சின்ன எண்தான் உங்க எண்.

வரம்பைக் கூட்டினதும் எல்லாம் சரியாகிடாது. பிஎஸ் கமாண்டை அடித்து யார் என்ன ஓட்டறாங்க என்று பாருங்க. யூசர் என்ற பத்தியின் அகலம் இன்னமும் எட்டுதான். நீளமான பெயர் இருந்தால் பழைய பதிப்புகளில் பெயருக்குப் பதிலா யூசரின் எண்ணைக் காட்டும், புதுசில் ஏழு எழுத்தைக் காட்டி ஒரு கூட்டல் குறி போடும். மனுஷன் பார்த்தால் புரிஞ்சுக்கலாம். ஆனால் யாரோ எழுதின ஸ்கிரிப்ட் ஒன்று, அந்தப் பத்தியில் பெயரைத் தேடி, அந்த யூசரோட பிராசஸை நிறுத்தற மாதிரி இருந்தால்? ஆள் இல்லை என்று நினைச்சுக்கும். பிஎஸ்ஸில் மைனஸ் ஓ போட்டு, யூசர், கோலன், 32 என்று கொடுத்தால் முழுப் பெயரும் வரும்.

நீளம் மட்டும் இல்லை, பெயர் எதில் ஆரம்பிக்குது என்பதும் முக்கியம். 2017-ல் சிஸ்டம்டி-யில் ஒரு விஷயம் வெளியே வந்தது. லினக்ஸில் சர்வீஸ்களை ஓட்டுகிற மேனேஜர்தான் சிஸ்டம்டி. ஒரு சர்வீஸை இந்த யூசரின் பெயரில் ஓட்டு என்று ஃபைலில் எழுதலாம். ஒருவர் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிற யூசர்நேமைக் கொடுத்தார், 0டே என்று. சிஸ்டம்டியின் விதிப்படி இலக்கத்தில் ஆரம்பிக்கிற பெயர் செல்லாது. சரி, செல்லாது என்றால் சர்வீஸையே நிறுத்தியிருக்கணும் இல்லையா? அது அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மீதியை ஓட்டியது. யூசர் வரி இல்லை என்றால் சர்வீஸ் யார் பெயரில் ஓடும்? ரூட். அதிகாரத்தைக் குறைக்கணும் என்று எழுதின வரி, முழு அதிகாரத்தைக் கொடுத்துவிட்டது. பிறகு திருத்தினார்கள், இப்போ அப்படிப்பட்ட சர்வீஸ் கிளம்பவே கிளம்பாது.

முழுக்க எண்ணாலேயே ஆன யூசர்நேமும் வேண்டாம். எம்ப்ளாயி நம்பரையே யூசர்நேமாக வைக்கிற பழக்கம் நிறைய இடத்தில் இருக்கு. சிஹெச்ஓன் கமாண்டுக்கு 1001 என்று கொடுத்தால், அது முதலில் 1001 என்ற பெயரில் யூசர் இருக்காரா என்று பார்க்கும், இருந்தால் ஃபைலை அவருக்குக் கொடுத்துடும். நீங்க நினைத்தது யூசர் எண் 1001 ஆக இருக்கலாம். முன்னாடி ஓர் எழுத்து சேர்த்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

பிகிரிப்ட் பற்றித் தனியா சொல்றேன் என்றேன். 1999-ல் நீல்ஸ் ப்ரோவோஸும் டேவிட் மாசியரும் ஓபன்பிஎஸ்டி-க்காக எழுதி வெளியிட்டது. நல்ல அல்காரிதம், இன்னைக்கும் வெப் அப்ளிகேஷன்களில் எங்கும் இருக்கு. அதற்கும் ஒரு வெட்டு உண்டு: 72 பைட். எட்டோடு ஒப்பிட்டால் சமுத்திரம். 72 எழுத்தில் யார் பாஸ்வேர்ட் வைக்கப்போறாங்க என்று எல்லோரும் நினைச்சாங்க.

2024 அக்டோபர் கடைசியில் ஆக்டா நிறுவனம் தன்னிடம் இருந்த ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து அறிவித்தது. ஆயிரக்கணக்கான கம்பெனிகளுக்கு லாகின் சேவை கொடுக்கிற நிறுவனம் அது. ஒருவர் வெற்றிகரமா லாகின் ஆனதும் அதை கேஷில் நினைவு வைத்துக்கொள்ள ஒரு சாவி தயாரித்தார்கள். யூசர் ஐடி, அதோட யூசர்நேம், அதோட பாஸ்வேர்ட், மூன்றையும் ஒட்டி பிகிரிப்ட்டுக்குள் போட்டார்கள். ஆக்டாவின் யூசர் ஐடி 20 எழுத்து. யூசர்நேம் 52 எழுத்து என்று வைச்சுக்குங்க. இருபதும் ஐம்பத்திரண்டும் எழுபத்திரண்டு. வரிசையில் கடைசியா நின்ற பாஸ்வேர்டுக்கு இடமே இல்லை. அது என்னவாக இருந்தாலும் சாவி ஒன்றுதான். சில நிபந்தனைகள் சேரணும்: முன்னாடி ஒருமுறை லாகின் ஆகியிருக்கணும், கம்பெனியின் டைரக்டரியோடு தொடர்பு இல்லாத நேரமா இருக்கணும். ஆனாலும் முழு ஈமெயில் முகவரியையே யூசர்நேமாக வைக்கிற கம்பெனிகளில் 52 எழுத்து யூசர்நேம் வர வாய்ப்பு இருக்கு. அந்த ஜூலை 23-ஆம் தேதியிலிருந்து மூணு மாசத்துக்கு மேல அந்த ஓட்டை இருந்திருக்கு. பெயரின் நீளம் பாஸ்வேர்டைத் தின்றுவிட்ட கதை.

அதனால பிகிரிப்ட் பயன்படுத்தறீங்க என்றால், உங்க மொழியின் லைப்ரரி 72-ஐத் தாண்டினால் என்ன செய்யுது என்று பாருங்க. பிஹெச்பி-யில் வெட்டிவிடும், அதை அவர்களே டாக்குமென்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். கோ மொழியின் லைப்ரரி இப்போ பிழை என்று சொல்லி நிறுத்தும். எனக்கு கோ செய்வதுதான் பிடிச்சிருக்கு.

இன்னொன்று, வரம்பு எழுத்தில் இல்லை, பைட்டில். ஆங்கிலத்தில் ரெண்டும் ஒன்று என்பதால் யாரும் கவனிப்பதில்லை. தமிழில் அப்படி இல்லை. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். புள்ளி தனி, கால் தனி, கொம்பு தனி. அம்மா என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. மெஷினுக்கு அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறி, 15 பைட். தமிழில் பாஸ்வேர்ட் வைத்தால் பிகிரிப்ட் 24 குறியோடு நிறுத்திடும். பழைய டெஸ்ஸில் வைத்தால் இரண்டு குறி முழுசா, மூன்றாவதில் இரண்டு பைட். தமிழில் நீளமா ஒரு வாக்கியத்தையே பாஸ்வேர்டா வைக்கலாம் என்று ஆசை இருந்தால், முதல்ல அந்த மெஷினோட ஹேஷ் என்ன என்று பாருங்க.

ஃபைல் பெயரிலும் இதே கணக்கு. பழைய யூனிக்ஸில் 14 எழுத்து, 1983-ல் வந்த 4.2 பிஎஸ்டி அதை 255 ஆக்கியது, இன்றைய லினக்ஸிலும் 255 பைட்தான். தமிழில் அது 85 குறி. ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் என்கிரிப்ட் பண்ணின ஃபோல்டராக இருந்தால் 143 பைட்டுக்குக் குறையும், அதாவது 47 குறி. பாட்டு, கட்டுரை என்று நீளமான தமிழ்த் தலைப்போடு சேமிக்கிறவங்க, பேக்கப் எடுக்கும்போது சில ஃபைல் மட்டும் பிழை காட்டினால் முதலில் இதைச் சந்தேகப்படுங்க. இங்கே நல்ல விஷயம், வெட்டாது, பெயர் நீளம் என்று சொல்லி மறுக்கும்.

கடைசியா, என்ன எண் வைக்கலாம்? அமெரிக்காவின் என்ஐஎஸ்டி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியை நான் பின்பற்றுவேன். யூசர் தானே வைக்கிற பாஸ்வேர்டுக்குக் குறைந்தது 8 என்று அதில் இருந்தது. குறைந்தது 64 வரை அனுமதிக்கணும். வெட்டவே கூடாது என்று அதில் வெளிப்படையா இருக்கு. நீளத்தை எண்ணும்போது ஒரு யூனிகோட் குறியை ஒன்றாகத்தான் எண்ணணும் என்றும் இருக்கு. என் சொந்தக் கருத்து, வேறு பாதுகாப்பு எதுவும் இல்லாமல் பாஸ்வேர்டை மட்டும் நம்புகிற சர்வருக்கு 8 பத்தாது, 14-க்குக் கீழே நான் வைக்க மாட்டேன். யூசர்நேமுக்கு ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஆரம்பம், இலக்கம் பின்னாடி, 20-க்குள்.

ஏற்கனவே இருக்கிற பெயரை மாற்றும்போது யூசர்மாட் மைனஸ் எல் லாகின் பெயரை மட்டும்தான் மாற்றும். ஹோம் டைரக்டரி பழைய பெயரிலேயே இருக்கும். கிரான்டேபும் பழைய பெயரில் தங்கிவிடும், அதனால அந்த ஆள் போட்டு வைத்த ஜாப் எதுவும் ஓடாது. முதலில் கிரான்டேபை நகலெடுத்து வைச்சுக்கிட்டு, அப்புறம் பெயரை மாற்றுங்க.

பாஸ்வேர்டே இல்லாமல் எஸ்எஸ்ஹெச் கீ மட்டும் வைத்து சர்வரை எப்படி ஓட்டுவது என்று அடுத்த எபிசோடில் பேசலாம். அதுக்குள்ள அந்த எட்டெழுத்து சோதனையைச் செய்து பார்த்தவங்க, என்ன ஆச்சு என்று எழுதுங்க. சர்வர் பெயரை மட்டும் எழுதிடாதீங்க.